‘டூ-பிட்’ திருடன் எப்படிப்பட்ட திருடன்?

வசனக்காரி:

வணக்கம். பழைய அமெரிக்கக் கறுப்பு-வெள்ளைக் குற்றப் படங்களுக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதுகிறேன். மழை பெய்து ஓய்ந்த தெரு, தொப்பி, சிகரெட் புகை, யாரையும் நம்பாத டிடெக்டிவ் என்று போகுமே, அந்த வகைப் படங்கள். இப்போது கையில் இருக்கும் படத்தில் ஒரே சொல் மூன்று இடங்களில் வந்து உயிரை வாங்குகிறது.

முதல் இடம், விசாரணை அறை. டிடெக்டிவ் மேசைமேல் கையூன்றிக் குனிந்து, எதிரே இருப்பவனிடம் “யூ ஆர் நத்திங் பட் எ டூ-பிட் க்ரூக்” என்கிறார். அதுவரை கால்மேல் கால் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுகிறான். இத்தனைக்கும் இரண்டு நிமிஷம் முன்னால்தான் அவனைக் கொலைகாரன் என்று சொன்னார்கள். அதற்கு அவன் அசையவே இல்லை!

இரண்டாவது, மதுக்கடை. கடைக்காரர் கோப்பையை நகர்த்திவிட்டு “தட் வில் பி டூ பிட்ஸ்” என்கிறார். ஏதோ காசுக் கணக்கு என்று புரிகிறது. எவ்வளவு என்றுதான் தெரியவில்லை.

மூன்றாவது, கதாநாயகி பெட்டியில் துணிகளைத் திணித்தபடி, “இந்த டூ-பிட் டவுனை விட்டுப் போகிறேன்” என்கிற மாதிரி சொல்கிறாள்.

மென்பொருளிடம் கொடுத்தால் ‘இரண்டு பிட் திருடன்’ என்று வருகிறது. தமிழில் படிக்கிறவர், பரீட்சையில் இரண்டு பிட்டோடு மாட்டிக்கொண்ட பையன் என்றுதான் நினைப்பார். அகராதி ‘சீப்’ என்கிறது. ‘மலிவான திருடன்’ என்று போட்டால் தள்ளுபடியில் கிடைக்கிறவன் போல இருக்கிறது. எங்கள் மேற்பார்வையாளர் “சின்னத் திருடன்னு போட்டுட்டுப் போம்மா” என்றுவிட்டார். சின்னத் திருடன் என்றதற்கா ஒருவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுவான்?

மூன்றும் ஒரே சொல்தானா, அந்த ‘பிட்’ எங்கிருந்து வந்தது, இது கெட்ட வார்த்தையில் சேருமா? தமிழில் என்ன போடலாம்? ஒன்று சொல்லிவிடுகிறேன், திரையில் இரண்டு வரிக்கு மேல் இடம் கிடையாது. அடிக்குறிப்பு எழுதும் வசதியும் இல்லை.

நுனிப்புல்:

கம்ப்யூட்டர் பிட்தான், வேறென்ன? ஒரு பிட் என்றால் பூஜ்ஜியம் அல்லது ஒன்று. இரண்டு பிட் என்றால் மூளையில் இடமே இல்லை, சரியான மக்கு என்று பொருள். ‘மக்குத் திருடன்’ என்று போட்டுவிட்டு அடுத்த வசனத்துக்குப் போங்கள்.

தாள்திருத்தி:

நுனிப்புல், உங்கள் விளக்கம் ரசிக்கும்படி இருக்கிறது, ஆனால் காலம் இடிக்கிறது. கம்ப்யூட்டர் ‘பிட்’ அச்சில் பரவலாகத் தெரிய வந்ததே 1948-இல் கிளாட் ஷானன் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான். ‘பைனரி டிஜிட்’ என்பதைச் சுருக்கி அந்தப் பெயரைச் சொன்னவர் ஜான் டூக்கி என்று ஷானனே அதில் எழுதியிருக்கிறார். மதுக்கடையில் டூ பிட்ஸ் கேட்கும் வழக்கம் அதற்கு நூறு, இருநூறு வருஷம் மூத்தது. இரண்டும் வேறு வேறு பிட்.

வசனக்காரி, மூன்றும் ஒரே வேர்தான். ஆனால் மூன்றுக்கும் ஒரே சொல்லைத் தமிழில் தேடினால் மாட்டிக்கொள்வீர்கள். மதுக்கடையில் வருவது தொகை. டூ பிட்ஸ் என்றால் 25 சென்ட், அதாவது கால் டாலர். அங்கே ஏளனம் எதுவும் இல்லை, கடைக்காரர் விலையைச் சொல்கிறார், அவ்வளவுதான். ‘கால் டாலர்’ என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம்.

மற்ற இரண்டு இடங்களில்தான் விஷயம் இருக்கிறது. கூர்ந்து பார்த்தால் எழுத்திலேயே வேறுபாடு தெரியும். தொகையாக வரும்போது கடைசியில் ‘ஸ்’ உண்டு, தனியாக நிற்கும். வசவாக வரும்போது ‘ஸ்’ உதிர்ந்துபோய் நடுவில் ஒரு கோடு விழும், ஒரு பெயர்ச்சொல்லின் முன்னால் ஒட்டிக்கொண்டுதான் வரும். டூ-பிட் க்ரூக், டூ-பிட் ஹஸ்லர், டூ-பிட் லாயர், டூ-பிட் பாலிடீஷியன், டூ-பிட் டவுன். ‘ஹி இஸ் வெரி டூ-பிட்’ என்று வாக்கியத்தை முடித்தால் கேட்பவருக்கு ஏதோ உறுத்தும். வசவுக்குத் தாங்கிக்கொள்ள ஓர் ஆளோ ஊரோ தொழிலோ வேண்டும்.

இப்போது உங்கள் நாற்காலிக்காரனுக்கு வருவோம். அவன் ஏன் எழுந்தான் என்று கேட்டீர்களே, அந்தக் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. ‘டூ-பிட்’ அளவைச் சொல்லும் சொல் இல்லை, தரத்தைச் சொல்லும் சொல். கொலைகாரன் என்று சொன்னால் அவன் ஓர் ஆள் என்று ஒத்துக்கொண்டதாகிறது. அவனுக்கு அதில் ஒரு கெத்துகூட இருந்திருக்கும். டூ-பிட் க்ரூக் என்று சொன்னால் ‘நீ திருடன், அதிலும் உருப்படியான திருடன் இல்லை’ என்றாகிவிடுகிறது. திருடன் என்பது பாதி வசவு, திருட்டுத் தொழிலிலும் நீ கடைநிலை என்பது மீதி. அந்த மீதிதான் அவனைக் கிளப்பிவிட்டது.

ஆங்கிலத்திலேயே அக்கம்பக்கத்துச் சொற்களோடு வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ‘பெட்டி தெஃப்ட்’ என்பது சட்டச் சொல். (தமிழில் எழுதினால் பெட்டியைத் திருடியவன் மாதிரி இருக்கிறது, அதை விடுங்கள்.) கலிஃபோர்னியாவில் பொதுவாக 950 டாலர் வரை மதிப்புள்ள திருட்டு அந்தப் பிரிவில் வரும். நீதிபதி அதைச் சொல்லலாம், குற்றப்பத்திரிகையில் எழுதலாம், யாரும் முகம் சிவக்க மாட்டார்கள். ‘ஸ்மால்-டைம்’ அதற்கு அடுத்த படி. அது மேடையிலிருந்து வந்த சொல். வாட்வில் என்கிற பல்சுவை நிகழ்ச்சிகள் அமெரிக்காவில் கொடிகட்டிப் பறந்த காலத்தில், நாளுக்கு இரண்டே காட்சி நடத்திக் கை நிறையச் சம்பளம் கொடுக்கும் பெரிய அரங்குகளுக்கு ‘பிக் டைம்’ என்று பெயர். குறைந்த சம்பளத்துக்கு நாள் முழுக்க மாற்றி மாற்றி ஆடவிடும் சின்ன அரங்குகள் ‘ஸ்மால் டைம்’. ஆகவே ஸ்மால்-டைம் க்ரூக் என்றால் இன்னும் பெரிய வட்டத்துக்குள் நுழையாதவன். நாளைக்கு நுழையலாம். பத்திரிகைக்காரர் செய்தியில் எழுதினால்கூடப் பொருந்தும்.

டூ-பிட் அப்படி இல்லை. நாளைக்கு உயர்வான் என்கிற வாசலையே அது திறந்து வைப்பதில்லை. விலை ஒட்டிவிட்டார்கள், விலை இவ்வளவுதான். சொல்கிறவரின் உதடு கொஞ்சம் கோணினால்தான் அந்தச் சொல் சரியாக விழும். உங்கள் படத்தில் அந்த இடத்தை நிறுத்திப் பாருங்கள், டிடெக்டிவ் நடிகர் ‘டூ-பிட்’ மேல்தான் அழுத்தம் கொடுத்திருப்பார், ‘க்ரூக்’ மேல் இருக்காது. தமிழ் வரியிலும் அழுத்தம் அடைமொழியில் விழ வேண்டும். ‘சின்னத் திருடன்’ தோற்பது அங்கேதான். ‘சின்ன’ என்பதில் எந்தக் குத்தலும் இல்லை, பாதி பேருக்கு இரக்கம்கூட வந்துவிடும்.

கெட்ட வார்த்தை கிடையாது. குழந்தைகள் காதில் விழலாம். ஆனால் நேருக்கு நேர் சொன்னால் சண்டை வரும். மரியாதையாகப் பேச வேண்டிய எந்த இடத்திலும் வராது. இன்னொன்று, கொஞ்சம் பழைய வாடை அடிக்கும் சொல். புரியாத அமெரிக்கர் இருக்க மாட்டார், ஆனால் இன்று அதைச் சொல்கிறவர் அந்தப் பழைய படங்களின் தோரணையைக் கொஞ்சம் இரவல் வாங்கிக்கொண்டுதான் சொல்கிறார். உங்கள் படத்துக்கு அந்த வாடை பொருத்தம்தான்.

தமிழ்ச் சொல்லுக்கு அப்புறம் வருகிறேன். காசு விவகாரம் தெரிந்தவர் யாராவது பிட் பற்றி எழுதுங்களேன், நான் எழுதினால் அரைகுறையாகிவிடும்.

நாணயப்பை:

கூப்பிட்டது என்னைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். பழைய வெள்ளிக்காசு சேர்க்கிறவன், இந்தப் பேச்சை எடுத்தால் நிறுத்துவது கஷ்டம். முன்கூட்டியே பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்கா சொந்தமாக டாலர் அடிப்பதற்கு முன்பே அங்கே புழங்கிய காசு ஸ்பானிஷ் டாலர். ஸ்பெயின் தன் அமெரிக்கக் குடியேற்றங்களில், மெக்சிகோ போன்ற இடங்களில் வெட்டி எடுத்த வெள்ளியில் அடித்தது. ஏறத்தாழ 27 கிராம் எடை, உள்ளங்கையில் வைத்தால் கனம் தெரியும். அதன் மதிப்பு எட்டு ரியால். கடற்கொள்ளையர் கதைகளில் வரும் ‘பீஸ் ஆஃப் எய்ட்’ இதுதான்.

அதில் எட்டில் ஒரு பங்குக்கு ஆங்கிலம் பேசுகிறவர்கள் வைத்த பெயர் ‘பிட்’. துண்டு என்று பொருள். பெரிய காசை உளியால் ஆப்பு ஆப்பாக வெட்டிச் சில்லறையாகப் பயன்படுத்தியதும் உண்டு, மேற்கிந்தியத் தீவுகளில் அதிகம். ஆனால் எல்லாரும் எப்போதும் உளியோடு அலைந்தார்கள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு ரியால், இரண்டு ரியால் என்று தனிக்காசுகளும் தாராளமாகவே புழங்கின. இரண்டு ரியால் காசு, பெரிய காசில் நாலில் ஒரு பங்கு எடை. அதுதான் டூ பிட்ஸ்.

1792-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நாணயச் சட்டம் இயற்றியபோது புது டாலரின் மதிப்பை இந்த ஸ்பானிஷ் டாலரை வைத்தே வகுத்தார்கள். ஆனால் பிரிப்பதில் வழி மாறிவிட்டார்கள். ஸ்பானிஷ் காசு எட்டாகப் பிரியும், அமெரிக்கக் காசு நூறாகப் பிரியும். நூறை எட்டால் வகுத்தால் பன்னிரண்டரை. பன்னிரண்டரை சென்ட்டுக்கு அமெரிக்க அக்கசாலை ஒருநாளும் காசு அடித்ததில்லை. அரசாங்கம் அடித்த காசு போதாமல் ஸ்பானிஷ், மெக்சிகன் காசுகள் 1857 வரை சட்டப்படியே செல்லுபடியாகிக்கொண்டிருந்ததால், இரண்டு கணக்கும் ஒரே கல்லாப்பெட்டியில் கிடந்தன.

இதிலிருந்து ஒரு வேடிக்கை பிறந்தது. மேற்கு மாநிலங்களில் ஸ்பானிஷ் காசு மறைந்த பிறகும் விலையைப் பிட் கணக்கில் சொல்லும் பழக்கம் போகவில்லை. ஒரு பானம் ஒரு பிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் பத்து சென்ட் காசு, அதாவது டைம் இருந்தால் அதைக் கொடுத்தால் போதும், கடைக்காரர் வாங்கிக்கொள்வார். அதற்கு ‘ஷார்ட் பிட்’ என்று பெயர். டைம் இல்லாமல் கால் டாலரை நீட்டினால் மீதி ஒரு டைம்தான் திரும்பி வரும். ஆக நீங்கள் கொடுத்தது பதினைந்து சென்ட். அது ‘லாங் பிட்’. அதே பானம், அதே மேசை, பக்கத்தில் இருப்பவன் பத்துக்குக் குடிப்பான், நீங்கள் பதினைந்துக்குக் குடிப்பீர்கள். சில்லறை வைத்திருந்தவன் பிழைத்தான்.

டூ பிட்ஸில் இந்தத் தகராறே கிடையாது. கால் டாலர் காசு கையில் இருக்கிறது, கணக்கு நேராக விழுகிறது. ஒரு பிட் பேச்சிலிருந்து மறைந்து டூ பிட்ஸ் மட்டும் தங்கியதற்கு இதுவே காரணமாக இருக்கும் என்பது என் எண்ணம். நாலு பிட் அரை டாலர், ஆறு பிட் முக்கால் டாலர். பள்ளி விளையாட்டு மைதானங்களில் ‘டூ பிட்ஸ், ஃபோர் பிட்ஸ், சிக்ஸ் பிட்ஸ், எ டாலர்’ என்று தங்கள் அணிக்காகக் கத்துவதில் மட்டும் அவை இன்னும் உயிரோடு இருக்கின்றன. கதவைத் தாளத்தோடு ஐந்து தட்டு தட்டி, ஒரு நொடி விட்டு இரண்டு தட்டுவார்களே, அந்தக் கடைசி இரண்டு தட்டும் ‘டூ பிட்ஸ்’தான். முன்னால் வரும் ஐந்தும் ‘சவரம், முடிவெட்டு’ என்பதற்கான ஆங்கிலம்.

எட்டுக் கணக்கு கடைசியாக ஒளிந்திருந்த இடம் நியூயார்க் பங்குச்சந்தை. பங்கு விலையை அங்கே எட்டில் ஒன்று, எட்டில் மூன்று என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1997-இல் பதினாறாகப் பிரித்தார்கள், 2001-இல்தான் சென்ட் கணக்குக்கு முழுதாக மாறினார்கள். விண்வெளிக்கு ஆள் அனுப்பிய நாடு அதுவரை பங்குகளை பீஸ் ஆஃப் எய்ட் கணக்கில் விற்றிருக்கிறது!

நுனிப்புல்:

கம்ப்யூட்டர் பிட்டைவிட இது சுவாரசியமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓர் இடம் உதைக்கிறது. கால் டாலர் அந்தக் காலத்தில் நல்ல காசு ஆயிற்றே? அது எப்படி ‘ஒன்றுக்கும் உதவாத’ என்று ஆனது?

தாள்திருத்தி:

நல்ல கேள்வி. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சாதாரணக் கூலியாளுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு டாலர்தான் கிடைத்தது. அவனிடம் போய் டூ பிட்ஸ் என்றால் நாளில் கால்வாசி உழைப்பு. அப்போது ‘டூ-பிட்’ என்று ஒரு பொருளைச் சொன்னால் அது கால் டாலர் விலையுள்ளது என்று மட்டும்தான் பொருள். அப்புறம் காசின் மதிப்பு இறங்க இறங்க, சொல்லும் கூடவே இறங்கிவிட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் ஆளை இளக்காரம் செய்யும் பொருள் நிலைக்கிறது. உங்கள் கறுப்பு-வெள்ளைப் படங்கள் வரும்போது அது நன்றாகப் பதமாகிவிட்ட வசவு.

இதே குடும்பத்தில் இதைவிடச் சுவையான சொல் ஒன்று உண்டு. ‘பிக்கயூன்’. லூசியானாவில் அரை ரியால் காசுக்குப் பிரெஞ்சுக்காரர் வழியாக வந்த பெயர். ஆறேகால் சென்ட். 1837-இல் நியூ ஆர்லியன்ஸில் ஒரு செய்தித்தாள் தொடங்கினார்கள், விலை ஒரு பிக்கயூன், பேரும் அதே. பின்னால் வேறொரு தாளோடு சேர்ந்து ‘டைம்ஸ்-பிக்கயூன்’ ஆனது. அந்தத் தாளை நடத்திய எலைஸா ஜேன் நிக்கல்சன் என்ற பெண்மணி மிஸிஸிப்பியில் தான் வளர்ந்த ஊருக்கும் அந்தப் பெயரையே வைத்தார், இன்றும் அந்த ஊர் பிக்கயூன்தான். ஆனால் பேச்சில் பிக்கயூன் என்றால் அற்பமான, நொட்டை சொல்லுகிற என்று பொருள். ‘பிக்கயூன் டீட்டெய்ல்ஸ்’ என்பார்கள். செய்தித்தாளின் பெயராக ஓடிக்கொண்டே வசவாகவும் ஓடுகிறது. டூ-பிட் ஆளைத் திட்டும், பிக்கயூன் பெரும்பாலும் விஷயத்தைத் திட்டும். முன்னது தெருவில் புழங்குவது, பின்னது கொஞ்சம் படித்தவர் வாயில் வருவது.

எங்கே டூ-பிட் வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன், எழுதுகிறவர்கள் அதில்தான் தடுமாறுகிறார்கள். ‘எனக்கு ஒரு டூ-பிட் பிரச்சினை’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பிரச்சினை சின்னதென்றால் மைனர், தொகை சின்னதென்றால் பீனட்ஸ் அல்லது சம்ப் சேஞ்ச். ஆள் முக்கியமில்லாதவர், ஆனால் அவர்மேல் கோபமும் இல்லை என்றால் ஸ்மால் ஃப்ரை. (அந்த ஃப்ரைக்கும் வறுப்பதற்கும் சம்பந்தமில்லை, மீன்குஞ்சுகளுக்கு அப்படி ஒரு பெயர்.) ‘நிக்கல் அண்ட் டைம்’ வினையாக வந்தால் ஐந்தும் பத்துமாகக் கட்டணம் சேர்த்துச் சேர்த்து உருவுவது. ‘பென்னி-ஆன்ட்டி’ சீட்டாட்டத்திலிருந்து வந்தது, ஒரு சென்ட் பந்தயத்தில் ஆடுகிற ஆட்டம். இவை எல்லாம் ஒன்றுக்கொன்று மாற்றிப் போடக்கூடியவை என்று நினைத்து மொழிபெயர்த்த தாள்களைத் திருத்தித்தான் என் கண் போனது.

சரி, தமிழ். நான் வரிசையாகப் போட்டுப் பார்த்து ஒதுக்கியவை இவை. ‘அற்பத் திருடன்’ பொருளில் சரி, ஆனால் டிடெக்டிவ் திடீரென்று புராண நாடகத்துக்குள் போய்விடுகிறார். ‘டுபாக்கூர்’ கூடாது, அது போலியைச் சொல்வது. இவன் போலித் திருடன் இல்லை, நிஜமான மட்டத் திருடன். ‘ஜுஜுபி’ வேலைக்கும் தொகைக்கும் ஒட்டும், மனிதனை அடிக்காது. ‘செல்லாக்காசு’ என்றால் ஒருகாலத்தில் செல்லுபடியானவன் என்று ஆகிவிடும். ‘காலணா பெறாதவன்’தான் மிகவும் ஆசை காட்டுகிறது, அங்கேயும் கால், இங்கேயும் கால். ஆனால் அமெரிக்க போலீஸ்காரர் வாயில் அணாவைத் திணித்தால் பார்க்கிறவர் படத்தை விட்டு வெளியே வந்துவிடுவார். ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

மிஞ்சுவது மூன்று: பிசாத்து, சில்லறை, துக்கடா. ‘சில்லறைத் திருடன்’ நல்லதுதான், காசும் இருக்கிறது, ‘சில்லறைத்தனம்’ என்கிற இளப்பமும் இருக்கிறது. ஒரே ஒரு ஆபத்து, சில்லறையைத் திருடுகிறவன் என்று யாராவது படித்துவிடலாம். ‘துக்கடா’ எனக்கு மிகவும் பிடித்தது, அந்தச் சொல்லுக்கே துண்டு என்றுதான் பொருள், அதாவது பிட். ‘துக்கடா அரசியல்வாதி’ என்று நாமே சொல்கிறோம். ‘பிசாத்து’ வாயிலிருந்து துப்புகிற மாதிரியே வருகிறது. கோபத்தில் சொல்ல அதைவிடத் தோதானது எனக்குத் தெரியவில்லை.

ஊருக்கு இவை மூன்றும் வேண்டாம். டூ-பிட் டவுனில் ஏளனத்தோடு சலிப்பும் கலந்திருக்கிறது. அமெரிக்கர் இதற்கென்றே ஒன்-ஹார்ஸ் டவுன், போடங்க் என்று தனிச் சொற்கள் வைத்திருக்கிறார்கள். போடங்க் கனெடிகட் பக்கத்துப் பூர்வகுடிப் பெயர், எங்கேயும் இல்லாத பட்டிக்காட்டுக்குப் பெயராகிவிட்டது. ‘இந்தப் பாடாவதி ஊர்’ என்று போடலாம் என்று நினைக்கிறேன்.

வசனக்காரி:

மூன்று பேருக்கும் நன்றி. மதுக்கடை முடிந்தது, ‘கால் டாலர்’ போட்டாயிற்று. பாடாவதி ஊரும் அப்படியே ஒட்டிக்கொண்டது. அவள் பெட்டி மூடாமல் முட்டியால் அமுக்குகிற இடத்தில் அந்த வரி வருகிறது, முகத்துக்கும் சொல்லுக்கும் பொருத்தம்.

விசாரணை அறையில்தான் இழுபறி. நீங்கள் சொன்னபடி நிறுத்தி நிறுத்திக் கேட்டேன், அழுத்தம் ‘டூ-பிட்’ மேல்தான் விழுகிறது. ‘நத்திங் பட்’ என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கிறது. முதலில் ‘நீ ஒரு பிசாத்துத் திருடன், வேறொன்றுமில்லை’ என்று எழுதினேன். நீளம். அவன் எழுந்து நிற்கும்போதும் வரி திரையில் தொங்கிக்கொண்டிருக்கிறது. ‘நீயெல்லாம் ஒரு துக்கடா திருடன்’ என்றால் அளவாக இருக்கிறது, ‘நீயெல்லாம்’ என்பதிலேயே ‘நத்திங் பட்’ வந்துவிடுகிறது. ஆனால் மேற்பார்வையாளருக்குத் துக்கடா என்றால் கச்சேரியின் கடைசியில் பாடும் சின்னப் பாட்டுதான் ஞாபகம் வருகிறதாம்.

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. அவனே பின்னால் ஒரு காட்சியில், தனியாக இருக்கும்போது கண்ணாடியைப் பார்த்து ‘டூ-பிட் க்ரூக்’ என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்கிறான். இங்கே என்ன தேர்ந்தெடுத்தாலும் அங்கேயும் பொருந்த வேண்டும்.

தாள்திருத்தி:

கண்ணாடிக் காட்சியை முதலிலேயே சொல்லியிருந்தால் வேலை சுலபமாகியிருக்கும். ஒருவன் தன்னைத்தானே நொந்துகொள்ளும்போது ‘துக்கடா’ வராது, அது மற்றவரை மட்டும் கேலி செய்யும் சொல். ‘பிசாத்து’ இரண்டு பக்கமும் வெட்டும். விசாரணை அறையில் ‘நீயெல்லாம் ஒரு பிசாத்துத் திருடன்.’ கண்ணாடியில் ‘பிசாத்துத் திருடன்...’ என்று மூன்று புள்ளியோடு விடுங்கள். இரண்டாவது முறை வரும்போது பார்க்கிறவருக்கு முதல் முறை யார் சொன்னது என்பது தானாக நினைவுக்கு வரும், ஆங்கிலத்தில் அந்தக் காட்சி நம்பியிருப்பதும் அதைத்தான். இரண்டு இடத்திலும் ஒரு எழுத்துகூட மாறக்கூடாது. எடிட்டர் யாராவது ‘ஒரே சொல் திரும்ப வருகிறதே’ என்று மாற்றப் பார்ப்பார், விடாதீர்கள்.

மேற்பார்வையாளருக்கும் அதில் கச்சேரி ஞாபகம் வராது.

வசனக்காரி:

போட்டுவிட்டேன். கோப்பு போய்விட்டது. அடுத்த ரீலில் ஒருவன் இன்னொருவனை ‘டின்ஹார்ன்’ என்கிறான். அகராதியில் தகரக் கொம்பு என்று இருக்கிறது. ஊதுகுழலா?

நாணயப்பை:

ஊதுகுழல் இல்லை, சூதாட்டம். சக்-அ-லக் என்று ஒரு பகடை ஆட்டம், தெருவோரத்தில் மட்டமாக நடத்துகிறவர்கள் பகடையைக் குலுக்கத் தகரக் கூம்பு வைத்திருந்தார்கள். கையில் காசில்லாமல் பெரிய சூதாடி மாதிரி அலட்டிக்கொள்கிறவனுக்கு அதிலிருந்து பெயர் வந்தது. புது இழை தொடங்குங்கள், சீட்டாட்டக்காரர் ஒருவர் இங்கே இருக்கிறார், அவரை அழைத்து வருகிறேன்.